பதின்மூன்று வாரக் கதைகள்



வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டு தொலைக்காட்சியைப் புகழ்ந்து பேசுவது, நம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே அடுத்த வீட்டுச் சமையலை மெச்சுவது போன்றதுதான். எனினும் இந்த இரண்டு வீடுகளும் ஒரு காலத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தவை. 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சி, 1976ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று தனிக்குடித்தனம் போகும் வரையில் அகில இந்திய வானொலியின் ஓர் அங்கமாகவே இருந்து வந்தது. ஆகவே தங்கையின் முன்னேற்றத்தைப் பற்றித் தமக்கையின் வீட்டில் நாலு வார்த்தை பேசுவதில் பிழையில்லை என்று துணிந்து வந்திருக்கிறோம்.

தொலைக்காட்சியில் வரும் தொடர்கதைகளின் தரம் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வெகுவாக உயர்ந்திருக்கிறது என்று பலரும் சொல்லுகிறார்கள். அது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் கேட்டால், "பணம் கொட்டிச் செலவழிக்கிறார்கள்; நல்ல காமிராக்கள் வந்துவிட்டன" என்பார்கள். நமக்கு இந்த விடை போதுமானதாகத் தோன்றவில்லை. நல்ல காமிராவைக் கொண்டு எடுக்கப்பட்ட அசட்டுக் கதைகள் இன்றும் ஏராளம். கதைக்கு ஒரு முடிவு வந்ததுதான் காரணம் என்பது நம் அபிப்பிராயம். எங்கே முடியப் போகிறோம் என்று அறிந்து தொடங்கும் கதை ஒருவிதமாக நடக்கிறது. முடியவே கூடாது என்ற கட்டளையோடு தொடங்கும் கதை வேறுவிதமாக நடக்கிறது.

நாம் மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுபவர். தந்தையாரும் மத்திய அரசாங்க ஊழியரே. எனவே நம் இளமை முழுவதும் டில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் கழிந்தது. அக்காலத்தில் மாடிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் அதுவே அதிகம். ஞாயிறு பிற்பகலில் பிரதேச மொழித் திரைப்படங்கள் முறை வைத்து வரும். தமிழின் முறை வரும் நாள் தெருவுக்கே தெரிந்திருக்கும். அன்று மட்டும் சமையல் பதினொரு மணிக்கே முடிந்துவிடும்.

அந்த நாட்களின் தொடர்களை நேயர்களில் பலர் நினைவு வைத்திருப்பீர்கள். 1984ஆம் ஆண்டு ஜூலையில் 'ஹம் லோக்' தொடங்கிற்று. நம் நாட்டின் முதல் நெடுந்தொடர் என்று அதனைச் சொல்வது வழக்கம். மெக்ஸிகோ நாட்டில் சமூகப் பிரசாரத்துக்காக எடுக்கப்பட்ட நாடகங்களின் மாதிரியைப் பின்பற்றி, மனோகர் ஷ்யாம் ஜோஷி அதனை எழுதினார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடி, 1985 டிசம்பரில் நிறைவுற்றது. பின்னர் அதே ஆசிரியரின் 'புனியாத்', சங்கர் நாகின் இயக்கத்தில் ஆர். கே. நாராயண் கதைகளான 'மால்குடி டேஸ்', நேருவின் நூலைத் தழுவி ஷ்யாம் பெனகல் எடுத்த 53 அத்தியாயங்கள் கொண்ட 'பாரத் ஏக் கோஜ்' ஆகியவை வந்தன. 'மால்குடி'க்கு இசையமைத்த எல். வைத்தியநாதன் நம்மவர் என்பதில் குடியிருப்புத் தமிழர்களுக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

இவை எல்லாவற்றிலும் நம் நெஞ்சில் தைத்தது 1988ஆம் ஆண்டு சனவரியில் ஒளிபரப்பான 'தமஸ்'. பீஷ்ம ஸாஹ்னியின் நாவலைக் கோவிந்த் நிஹலானி படமாக்கியிருந்தார். நாடு பிளவுபடுவதற்குச் சற்று முன்பு பஞ்சாபில் ஓர் ஊர். தோல் பதனிடும் தொழிலாளி ஒருவனிடம் ஒரு பன்றியைக் கொன்று தருமாறு ஒருவர் கேட்கிறார். காரணம் அறியாமல் அவனும் இசைகிறான். மறுநாள் அந்தப் பன்றியின் உடல் மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது. அதன் பிறகு நடப்பவை அனைத்தும் அந்த ஓர் இரவிலிருந்து கிளைத்தவை. ஓம் பூரி அந்தத் தொழிலாளியாக நடித்தார். நமக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்கள் நம்மை உள்ளறைக்கு அனுப்பிவிட்டார்கள். நாம் கதவிடுக்கு வழியாகப் பார்த்தோம்.

எதிர்வீட்டில் ஒரு பஞ்சாபி முதியவர் இருந்தார். ராவல்பிண்டியில் பிறந்தவர். எங்கள் குடும்பத்தினருடன் பல ஆண்டுகள் பழகியும் 1947ஆம் ஆண்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்று எங்கள் வீட்டுப் பாயில் வந்து அமர்ந்தார். ஒளிபரப்பு முடிந்த பின்பும் எழுந்திருக்கவில்லை. அம்மா கொண்டுவந்த காப்பி அவர் முன்னால் ஆறிப் போயிற்று. பிரிவினை என்பதைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த தந்தையார், அன்றுதான் தம் அண்டை வீட்டுக்காரர் யார் என்று அறிந்துகொண்டதாகப் பிற்காலத்தில் அடிக்கடி சொல்லுவார். தெற்கே இருந்தவர்களுக்கு வடக்கின் காயம் தெரியாது என்பது பழைய குறை. அதை ஒரு தொலைக்காட்சி நாடகம் அன்று எங்கள் மாடியில் தீர்த்து வைத்தது.

அந்நாடகத்தை நிறுத்த வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் படத்தை முழுவதும் பார்த்த பின்னரே ஒளிபரப்பலாம் என்று தீர்ப்பளித்தனர். உச்சநீதிமன்றமும் 1988இல் எதிர்ப்பு மனுவைத் தள்ளிற்று. நிதானமும் மன உறுதியும் உள்ள மனிதனை அளவுகோலாக வைத்துத்தான் இத்தகைய படைப்பை மதிப்பிட வேண்டும், எதைக் கண்டாலும் அஞ்சுகின்ற பலவீனனை வைத்து மதிப்பிடலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பார்ப்பவனைப் பக்குவமுள்ளவனாகக் கருதுவது என்ற இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் பேச்சு மீண்டும் அதனிடம் வரும்.

தூரதர்ஷன் அக்காலத்தில் தொடர்களுக்கு அனுமதி கொடுக்கும்போது 13 வாரம், 26 வாரம், 52 வாரம் என்று கணக்கிட்டே கொடுத்தது. ஓர் ஆண்டின் 52 வாரங்களை நான்காகப் பகுத்தால் ஒரு பகுதிக்குப் பதின்மூன்று. இந்தக் கணக்கு தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. அமெரிக்க வானொலியில் விளம்பரதாரர்கள் பதின்மூன்று வார ஒப்பந்தம் செய்துகொண்ட நாளிலிருந்தே வருவது. ஏதோ கணக்குப் பிள்ளையின் வசதிக்காக ஏற்பட்ட இந்த எண், கதாசிரியர்களுக்குப் பெரிய நன்மையைச் செய்தது. பதின்மூன்று வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்றால் எவரும் வீண் காட்சி எழுதார். 'தமஸ்' பதின்மூன்றைக்கூடக் கேட்கவில்லை. ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது.

பிறகு தனியார் அலைவரிசைகள் வந்தன. நாள்தோறும் ஒரு தொடர், ஒவ்வொன்றுக்கும் இடையே விளம்பரம், வாரந்தோறும் பார்வையாளர் எண்ணிக்கை என்ற முறை ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய 'க்யோங்கி ஸாஸ் பீ கபீ பஹூ தீ' என்ற இந்தித் தொடர் 2008 நவம்பர் வரை 1,833 அத்தியாயங்கள் ஓடிற்று. மாமியார், மருமகள், மருமகளே மாமியாரான பின் அவருக்கு ஒரு மருமகள் என்று தலைமுறைகள் கடந்தன. இறந்தவர் திரும்பி வந்தார். (அத்தொடரே 2025இல் திரும்பி வந்துவிட்டபோது, பாத்திரங்கள் வந்ததில் என்ன வியப்பு!) தமிழிலும் இத்தகைய தொடர்கள் நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் ஓடின. இவற்றை எழுதியவர்கள் திறமையற்றவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். நாளை என்ன நடக்கும் என்று அறியாமல் இன்று எழுது என்றால் எந்த மேதையாலும் அதற்கு மேல் எழுத முடியாது. பார்ப்பவர் பாதியில் எழுந்து போய் வந்தாலும் கதை புரிய வேண்டும். எனவே ஒரே முகத்தை மும்முறை காட்டினார்கள். இடிமுழக்கமும் சேர்த்தார்கள்.

இதே நோய் அமெரிக்காவில் முன்பே கண்டிருந்தது. 1961ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாட்டு ஒலிபரப்பு ஆணையத்தின் தலைவராக இருந்த நியூட்டன் மினோ என்பவர், தொலைக்காட்சி நிலைய முதலாளிகள் கூடியிருந்த சபையிலேயே, உங்கள் நிலையத்தின் முன் காலை முதல் இரவு வரை அமர்ந்து பாருங்கள், பரந்த பாழ்நிலம் ஒன்றைத்தான் காண்பீர்கள் என்று கூறினார். முதலாளிகளுக்கு அது உவப்பாக இருந்திராது. ஆனால் அவர்கள் வருமானம் விளம்பரத்தில் இருந்தது. எவரையும் முகம் சுளிக்க வைக்காத நிகழ்ச்சியே மிகுதியான பேரை இருக்கையில் வைத்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

மாற்றம் வந்த வழி விசித்திரமானது. சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் விளம்பரமின்றிப் படம் காட்டும் எச்.பி.ஓ. என்ற நிறுவனம் 1972 முதல் அங்கே இருந்து வந்தது. அதற்கு எல்லாரும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பார்ப்பவர் சிலரேயானாலும், அடுத்த மாதமும் சந்தா கட்டும் அளவுக்கு மனம் ஒன்றிப் பார்த்தால் போதும். 1999 சனவரியில் அது 'தி ஸொப்ரானோஸ்' என்ற தொடரைத் தொடங்கியது. கொள்ளைக் கூட்டத் தலைவன் ஒருவன் மனநோய் மருத்துவரிடம் சென்று தன் தாயைப் பற்றிப் புலம்புவதில் தொடங்கும் கதை அது. முதற்பருவத்தில் எத்தனை அத்தியாயங்கள் என்று எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று!

அதன் பின்னர் 2002இல் வந்த 'தி வயர்' என்னும் தொடரின் முதற்பருவமும் பதின்மூன்றே. பால்டிமோர் நகரத்தின் கதை அது. அதனை உருவாக்கிய டேவிட் ஸைமன் அந்நகரப் பத்திரிகையில் குற்றச் செய்தி நிருபராக இருந்தவர். அவருடன் எழுதிய எட் பர்ன்ஸ் போலீஸ் துப்பறிவாளராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். தாம் கண்டதை எழுதினார்கள். முதற்பருவத்தில் போதைப் பொருள் விற்கும் தெருமுனை, இரண்டாவதில் துறைமுகத் தொழிலாளர், பின்னர் நகராட்சி அரசியல், நான்காவதில் பள்ளிக்கூடம், கடைசியில் பத்திரிகை அலுவலகம். அறுபது அத்தியாயங்களில் ஒரு நகரம் எப்படிக் கெடுகிறது என்று, ஒரு நிர்வாக அறிக்கை சொல்வதைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். (அறிக்கைகளை மொழிபெயர்த்தே பிழைக்கும் நாம் இதைச் சொல்லக் கூடாதுதான்.) பள்ளிக்கூடப் பருவத்தில் நான்கு சிறுவர்கள் வருகிறார்கள். பருவத் தொடக்கத்தில் அவர்களுக்குள் வேறுபாடு காண்பது கடினம். முடிவில் நால்வரும் நான்கு திசைகளில் நிற்கிறார்கள். எந்தச் சிறுவன் எங்கே போய்ச் சேர்வான் என்று முன்னரே எண்ணி வைத்தவர்களால்தான் அப்படி எழுத முடியும். இத்தொடரை ஒளிபரப்பிய காலத்தில் பார்த்தவர்கள் குறைவு. அந்நாட்டின் உயர்ந்த தொலைக்காட்சிப் பரிசான எம்மி விருது ஒன்றைக்கூட அது பெறவில்லை. ஆயினும் விளம்பரதாரரை நம்பாத காரணத்தால் ஐந்து பருவங்களும் நிறைவுற்றன.

இந்த வெற்றியைக் கண்டு பிறரும் அவ்வழியில் இறங்கினார்கள். இரசாயன ஆசிரியர் ஒருவர் குற்றவாளியாக மாறும் 'பிரேக்கிங் பேட்' 2008இல் தொடங்கி, 62 அத்தியாயங்களில், புகழின் உச்சியில் இருக்கும்போதே முடிந்தது. அளவு மிஞ்சிப் போனதும் உண்டு. அமெரிக்காவில் எழுதி நடிக்கப்பெற்ற தொடர்கள் 2009இல் சுமார் 210 என்று ஒரு நிறுவனம் கணக்கிட்டது. 2022இல் அது ஏறக்குறைய 600 ஆயிற்று. அறுநூறும் நன்றாக இருக்க முடியுமா? மறு ஆண்டே எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது.

நம் நாட்டுக்கு இந்த அலை 2016இல் இணையவழி நிறுவனங்களோடு வந்தது. 2012 டிசம்பரில் டில்லியில் நிகழ்ந்த கொடுமையின் விசாரணையை ஏழு அத்தியாயங்களில் காட்டிய 'டெல்லி க்ரைம்', 2020 நவம்பரில் சர்வதேச எம்மி விருது பெற்றது. சிறந்த நாடகத் தொடருக்கான அப்பரிசு இந்தியாவுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. குற்றத்தைக் காட்டாமல், குற்றத்தைத் தேடும் போலீசாரின் ஆறு நாள் தூக்கமின்மையைக் காட்டினார்கள். வாகனத்துக்குப் பெட்ரோல் உண்டா, நிலையத்தில் மின்சாரம் உண்டா என்ற கவலைகளும் அதில் இடம் பெற்றன. டில்லியில் வாழும் நமக்கு அவை நன்கு பழகியவை.

ஆயினும் நம் இல்லத்தில் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தது 'பஞ்சாயத்' என்ற எளிய தொடர். 2020 ஏப்ரலில், நாடே கதவடைத்துக் கிடந்த வேளையில் வந்தது. பொறியியல் படித்த இளைஞன் வேறு வேலை கிடைக்காமல் புலேரா என்ற கிராமத்தில் பஞ்சாயத்துச் செயலாளராகச் சேர்கிறான். அவ்வூர்த் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலில் வென்றவர் மஞ்சு தேவி. நிர்வாகம் செய்பவரோ அவர் கணவர். முதற்பருவத்தின் இறுதியில் குடியரசு தினத்தன்று மஞ்சு தேவியே கொடியேற்றி நாட்டுப் பண் பாட வேண்டிய நிலை வருகிறது. அதற்காக அவர் அதை மனப்பாடம் செய்கிறார். துப்பாக்கி இல்லை, கொலை இல்லை. ஓர் அம்மையார் ஒரு பாட்டை மனப்பாடம் செய்வாரா என்பதற்காக நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டோம். கணவராக நடிக்கும் ரகுவீர் யாதவ், தூரதர்ஷன் நாளில் 'முங்கேரிலால்' ஆக நடித்தவரே. அவரைத் திரையில் கண்டதும் அம்மா, "அடடே, நம்ம முங்கேரி! வயசாயிடுச்சே" என்று உறவினரைக் கண்டது போலச் சொன்னார். 2023ஆம் ஆண்டு கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் இணையத் தொடருக்கென முதன்முறையாக ஏற்படுத்திய பரிசு, இதன் இரண்டாம் பருவத்துக்கே கிடைத்தது.

குறைகளும் உண்டு. வசைமொழியை யதார்த்தம் என்று எண்ணிக்கொண்டு வாக்கியத்துக்கு ஒன்று வைக்கிறார்கள். மாடி முழுவதும் ஒரு பெட்டியைச் சுற்றி அமர்ந்த காலம் போய், ஒரே வீட்டில் நால்வர் நான்கு கைப்பேசிகளில் நான்கு கதைகளைப் பார்க்கிறோம். ராவல்பிண்டி முதியவரைப் போல ஒருவர் இன்று எங்கள் வீட்டுப் பாயில் வந்து அமர வழியில்லை. அவரவர் சந்தா அவரவர் வீட்டில். சந்தா கட்ட இயலாதவர்களுக்கு, மாமியார் இறந்து பிழைக்கும் நெடுந்தொடர்தான் மிச்சம். 'தமஸ்' இலவசமாக எல்லார் வீட்டுக்கும் வந்தது. இந்த இழப்புக்கு ஈடு என்ன என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் வேறொரு லாபம் இருக்கிறது. தொழில் முறையில் நாம் நன்கு அறிந்த விஷயமாதலால் சற்று விரிவாகச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும். நம் மகள் டில்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். 2022 ஜூனில் 'சுழல்' என்ற தமிழ்த் தொடர் வந்தது. புஷ்கர், காயத்ரி இருவரும் எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கியது. எட்டு அத்தியாயங்கள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களிலேயே கதையும் நடக்கிறது. பல மொழிகளில் ஒரே நாளில் வெளியிட்டார்கள். நம் மகள் ஆங்கில அடிவரிகளை வைத்துக்கொண்டு தமிழ்ப் பேச்சோடு பார்த்தாள். அவளுடைய வட இந்தியத் தோழியர் இந்திக் குரலில் பார்த்தார்கள்.

அடிவரி எழுதுவது எளிய தொழிலன்று. பேசுபவர் வாய் மூடுவதற்குள் இரண்டே வரிகளில் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் ஓர் அரசாணையைத் தமிழாக்கும்போது மூல வாக்கியம் ஐந்து வரி என்றால் நாம் ஏழு வரி எழுதலாம். யாரும் கேட்கப் போவதில்லை. இங்கே அது நடவாது. முதலில் பலியாவது உறவு முறைப் பெயர்களே. சித்தப்பா, பெரியப்பா, மாமா ஆகிய மூவரும் ஆங்கில அடிவரியில் 'அங்கிள்' ஆகிவிடுகிறார்கள். அண்ணி, நாத்தனார், கொழுந்தி எல்லாருக்கும் ஒரே சொல். மகள் ஒரு நாள் படத்தை நிறுத்திவிட்டு, "அப்பா, அவங்க 'சித்தி'ன்னு சொன்னாங்க, கீழே வெறும் பேர்தான் போட்டிருக்கு. ஏன்?" என்று கேட்டாள். அன்று அரைமணி நேரம் உறவு முறைகளைப் பற்றிப் பேசினோம். யார் யாரைத் திருமணம் செய்யலாம், யாரை அண்ணன் என்று அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அதுவரையில் தெரியாது. ஊருக்குப் போகும்போது தவறாக அழைத்துவிடுவோமோ என்று அஞ்சியே அவள் வாய் திறவாமல் இருந்திருக்கிறாள் என்பது எங்களுக்கும் அதுவரையில் தெரியாது.

இந்திக்கும் தமிழுக்கும் இடையே வேறொரு சிக்கல். இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்று முன்னிலைக்கு மூன்று படிகள். நம் பொதுப் பேச்சில் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டே. நடுப்படிக்கு ஒத்த 'நீர்' தென் மாவட்டங்களில் இன்னும் வழங்குகிறது, பட்டணத்தில் போய்விட்டது. 'பஞ்சாயத்'தில் ஊர்ப் பெரியவர் செயலாளரிடம் பேசும் முறையைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று நாமும் அலுவலக நண்பர் ஒருவரும் மதிய உணவு வேளையில் வாதிட்டதுண்டு. விடை காணவில்லை.

எங்கள் வாதத்தைக் கேட்டது போல 2024 செப்டம்பரில் 'தலைவெட்டியான் பாளையம்' வெளிவந்தது. 'பஞ்சாயத்'தின் தமிழாக்கம். அதுவும் எட்டு அத்தியாயங்கள். இயக்குநர் பெயர் திரையில் வந்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாகா! 1990களின் பிற்பகுதியில் வாரந்தோறும் இந்திரா சௌந்தரராஜன் கதையில் 'மர்மதேசம்' எடுத்த அதே நாகா. எங்கள் பகுதியில் கேபிள்காரரிடம் சண்டையிட்டுத் தமிழ் அலைவரிசை வாங்கி, அம்மா ஒரு வாரம் தவறாமல் பார்த்த தொடர் அது. அந்நாளைய தமிழ்த் தொடர்களில் முடிவை அறிந்து நடந்த மிகச் சிலவற்றுள் ஒன்று. ஒவ்வொரு மர்மத்துக்கும் கடைசியில் விடை இருந்தது.

அன்றிரவு கைப்பேசிகளை வைத்துவிட்டு மூன்று தலைமுறையும் ஒரு திரையின் முன் அமர்ந்தோம். மகள் இந்தி மூலத்தை இருமுறை பார்த்தவள். அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். அம்மாவோ பேச்சுவழக்கில் பிழை கண்டுபிடிப்பதிலேயே முனைந்திருந்தார். ஓரிடத்தில் மகள் அடக்க மாட்டாமல், "பாட்டி, இப்ப என்ன ஆகும் தெரியுமா" என்று தொடங்கினாள்.

"சொல்லாதே கண்ணு, இரு," என்றார் அம்மா. "எட்டு வாரம்தானே? பார்த்துக்கறேன்."

எட்டும் அன்றைக்கே கிடைக்கும் என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒன்றாக, ஞாயிறு பிற்பகலில், நவம்பர் வரையில் பார்த்தோம்.